இன்று பள்ளியில் என்ன நடந்தது?

மாலை நான்கு மணி அடித்துச் சற்று நேரம் ஆனதும் எங்கள் பங்கின் தொடக்கப்பள்ளி வாயிலில் நாள்தோறும் ஓர் உரையாடல் கேட்கும். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று தாய் கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பான் பிள்ளை. பையைக் கழற்றி அவள் தோளில் மாட்டிவிட்டு ஐஸ் வண்டியை நோக்கி ஓடிவிடுவான். அத்துடன் அன்றைய செய்தி முடிந்தது.

ஒன்றுமே நடவாத நாளா அது? அன்று புதன்கிழமை. காலையில் பொங்கலும் சாம்பாரும் உண்டான். வழிபாட்டுக் கூட்டத்தில் முதல் வரிசையில் நின்றான். கணக்கில் கடன் வாங்கிக் கழிக்கும் வித்தையை முதன்முறையாகப் புரிந்துகொண்டான். பக்கத்தில் இருந்தவனோடு அழிப்பானுக்காகச் சண்டையிட்டான், மதியத்துக்குள் சமாதானமும் ஆனான். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய நாள். ஆனால் அதை எடுத்துச் சொல்லும் மொழி அவனிடம் இன்னும் வளரவில்லை. கேட்டு வாங்கும் முறை நம்மிடம் இல்லை. பெரியவர்களாகிய நம்மிடம் யாரேனும் "இன்று என்ன நடந்தது?" என்று கேட்டால் நாமும் "ஒன்றுமில்லை" என்றுதானே சொல்கிறோம்!

இதை ஒரு வேடிக்கையாகவே நானும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் அந்த எண்ணம் என்னை விட்டு அகன்றது.

அன்று முற்பகல் பதினொரு மணியளவில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்று கொடுத்துவிட்டு ஏரிக்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழைக்காலம், ஏரி நிறைந்து கிடந்தது. கரையோரப் புளியமரத்தின் வேரில் ஒரு சிறுவன் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சீருடை நம் பள்ளியின் சீருடை. வண்டியை நிறுத்தினேன். நான்காம் வகுப்பில் படிப்பவன். ஓடவில்லை, எழுந்து நின்று, "தோத்திரம் சாமி" என்றான். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை அல்லன். பள்ளியில் கற்ற வழக்கம்.

"ஏன்டா தம்பி, பள்ளிக்கூடம் போகலையா?"

பதில் இல்லை. முகம் வாடியிருந்தது. "சாப்பிட்டாயா?" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று.

பள்ளிக்கு அழைத்து வந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், அவன் வந்து ஒன்பது பள்ளி நாள்கள் ஆகியிருந்தன. ஒன்பது நாளும் காலையில் வீட்டிலிருந்து பையோடு புறப்பட்டிருக்கிறான். மாலையில் பிள்ளைகள் திரும்பும் நேரத்துக்கு அவர்களோடு கலந்து வீடு திரும்பியிருக்கிறான். வீடு அவன் பள்ளியில் இருப்பதாக எண்ணியது. பள்ளியோ, பாட்டி ஊருக்குப் போயிருப்பான் என்று எண்ணியது. இரண்டுக்கும் நடுவே, நிறைந்த ஏரியின் கரையில், ஒன்பது வயதுப் பிள்ளை தனியே இருந்தான்.

காரணத்தைக் கேட்டபோது நெஞ்சம் கனத்தது. மழையில் பை நனைந்து கணக்குப் புத்தகம் கிழிந்துவிட்டது. ஆசிரியை கடிந்துகொண்டு, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வகுப்புக்கு வராதே" என்றாராம். நல்ல ஆசிரியை அவர், பிள்ளைகள்பால் அன்புடையவர். நூறு முறை சொல்லிப் பழகிய வாக்கியம், வாயில் வந்தது, சொல்லிவிட்டார். சிறுவனின் தந்தையோ கேரளத்தில் கொத்தனார் வேலையில் இருந்தார். பொங்கலுக்குத்தான் வருவார். அப்பாவை நாளைக்கு எங்கிருந்து கூட்டி வருவது? தாயிடம் சொன்னால் அழுவாள் என்று அஞ்சினான். ஆக, அந்த ஓராண்டில் பள்ளி அந்த வீட்டுக்கு அனுப்பிய ஒரே செய்தியைச் சுமந்தவன் அச்சிறுவன். அதைக் கொண்டு சேர்க்க அவனால் இயலவில்லை. எனவே பள்ளிக்கும் திரும்ப இயலவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராமப்புறத்து அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் வந்துவிட்டது. மதிய உணவோ நெடுங்காலமாய் இருக்கிறது. இரண்டு வேளை உணவும் பள்ளியில் காத்திருக்க, இவன் ஒன்பது நாளும் பசியோடு மரத்தடியில் இருந்தான். தாய் விடியற்காலை பூப்பறிக்கும் வேலைக்குப் போய்விடுவாள். பள்ளியில் சாப்பிடுகிறான் என்ற நம்பிக்கையில் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை.

தகவல் அனுப்பவில்லையா என்று தலைமையாசிரியை அருட்சகோதரியிடம் கேட்டேன். அனுப்பியிருந்தார்கள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில். அதில் இருந்தது தந்தையின் எண். அவர் கேரளம் சென்றதும் எண்ணை மாற்றிவிட்டார். வருகைப் பதிவு இப்போது கைப்பேசிச் செயலி வழியே நாள்தோறும் மேலே செல்கிறது. அவன் வராததைத் தலைநகரில் இருக்கும் கணினி அறிந்திருந்தது. மூன்று தெரு தள்ளி இருந்த தாய் அறியவில்லை. தாளாளர் என்ற பொறுப்பில் இருக்கும் நானும் அறியவில்லை. குற்றம் ஆசிரியையுடையது என்று எழுதிவிட்டால் எளிது. பள்ளியின் மாத அறிக்கையில் கையெழுத்திடுபவன் நான்.

அப்பாவும் வேப்பமரமும்

என் சிறுவயதை எண்ணிப் பார்க்கிறேன். 1970-களின் இறுதியில் நான் தொடக்கப்பள்ளியில் படித்தேன். தேர்ச்சி அட்டை வந்தால் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் என் தந்தையார் பெருவிரல் ரேகை வைப்பார். வைத்தபின் விரலைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். எண்களுக்குக் கீழே சிவப்புக் கோடு இருக்கிறதா என்று மட்டும் என்னைக் கேட்பார். இல்லை என்றால் மகிழ்ச்சி. வேறு எதுவும் கேட்கத் தெரியாது. பள்ளி முற்றத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. என்னை அழைத்துச் செல்ல வந்தால் அம்மரத்துக்கு இப்பால் நிற்பார். தாழ்வாரத்தில் கால் வைத்ததே இல்லை. பள்ளி அழைத்தால் ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது என்பதே அந்நாளைய பொருள்.

ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இன்றும் நம் பள்ளிகள் பெற்றோரை எப்போது அழைக்கின்றன? கட்டணம் நிலுவை, அடிதடி, மதிப்பெண் குறைவு, நன்கொடை. இவற்றை விட்டால் ஆண்டு விழா. "உங்கள் மகள் இன்று தானாகவே ஒரு பக்கம் முழுதும் வாசித்தாள்" என்று சொல்வதற்காக ஒரு தாயை யாரேனும் அழைத்ததுண்டா? நான் அழைத்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் 1965-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 796-ஆம் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், அவர்கள் சொல்வதை விருப்பத்தோடு கேட்க வேண்டும், பெற்றோர் சங்கங்களும் கூட்டங்களும் ஏற்படுத்தப்பட்டு மிகவும் மதிக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. நாட்டின் சட்டமும் அதையே வேறு சொற்களில் பேசுகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை அவருடைய கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்ததைச் சுட்டிக்காட்டும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு 2025-இல் எழுப்பியுள்ளது. அது வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளும் காரியம். பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதைத் தாய்க்குச் சொல்லாதிருக்க நமக்கு விலக்கு வேண்டுமா என்ன?

எழுதியதும் சேர்ந்ததும்

ஏரிக்கரை நிகழ்ச்சிக்குப் பின் பழைய அறிவிப்புகளை எடுத்துவைத்துப் பார்த்தேன். குடற்புழு நீக்க நாளை ஒட்டி வீடுகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று கையில் கிடைத்தது. "மேற்கண்ட பொருள் சார்ந்து பெற்றோர் அனைவரும் உரிய ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அதில் இருந்தது. எந்தப் பொருள், என்ன ஒத்துழைப்பு என்று எனக்கே விளங்கவில்லை. அடியில் பார்த்தால் கையெழுத்து என்னுடையது! அந்தத் தாளின் விளைவும் நினைவுக்கு வந்தது. மாத்திரை விழுங்கிய சிறுமி ஒருத்திக்குக் குமட்டல் வந்தது. "பள்ளிக்கூடத்தில் ஏதோ மருந்து கொடுத்துப் பிள்ளைகள் மயங்கிவிட்டார்கள்" என்று அரை மணி நேரத்தில் ஊர் முழுதும் பரவி, தாய்மார் வயல்களிலிருந்து ஓடி வந்தார்கள். வயிற்றில் புழு உள்ள பிள்ளைக்கு அம்மாத்திரையால் சிறிது குமட்டலோ வயிற்று வலியோ வரலாம், சற்று நேரத்தில் அடங்கிவிடும் என்று முந்திய நாள் எவரேனும் வீட்டு மொழியில் சொல்லியிருந்தால் ஒருவரும் ஓடி வந்திருக்க மாட்டார்கள்.

இப்போது எழுதும் முறை வேறு. "திங்கட்கிழமை பள்ளியில் பூச்சி மாத்திரை தருவார்கள். கடித்துத் தின்னும் மாத்திரை. பிள்ளைக்குக் காய்ச்சலோ வேறு மருந்தோ இருந்தால் காலையிலேயே டீச்சரிடம் சொல்லுங்கள்." இவ்வளவுதான். தலைமையாசிரியைக்கு இது கொஞ்சம் கௌரவக் குறைவாகத் தோன்றியது. பழகிக்கொண்டார்.

வேறொரு தவறும் என்னுடையதே. ஞாயிறு திருப்பலியின் முடிவில் அறிவித்துவிட்டால் பள்ளிச் செய்தி ஊருக்குச் சென்று சேர்ந்துவிடும் என்று இருந்தேன். நம் பள்ளியில் படிப்போரில் பாதிக்கு மேல் நம் மறையைச் சாராதவர்கள். அவர்களுடைய தாய்மார் கோவில் வாசற்படி ஏறுவது மாதா திருவிழா அன்றுதான். பள்ளி எல்லாருடையதும் என்று மேடையில் பேசுகிறோம். செய்தியை மட்டும் பீடத்தருகே நின்று சொல்கிறோம்.

வாட்ஸ்அப் குழுவைக் குறை சொல்ல மாட்டேன். மழை விடுமுறை அறிவிக்கப்படும் காலையில் அதைப்போல் விரைவானது வேறில்லை. ஆனால் அதில் காலை வணக்கமும் பூங்கொத்தும் நிறைந்து செய்தி அடியில் அமிழ்ந்துவிடுகிறது. பிள்ளைகளின் மதிப்பெண்ணை எல்லாரும் பார்க்கும்படி அதில் போட்ட நாளும் உண்டு. ஒரு தாய் அன்று மாலை என்னிடம் வந்து, "எம் பிள்ளைக்கு எழுத வரலேன்னு எனக்குச் சொல்லுங்க சாமி, ஊருக்கு எதுக்குச் சொல்றீங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த வழக்கத்தை மறுநாளே நிறுத்தினோம். இரவு ஒன்பது மணிக்கு ஆசிரியையை அழைத்து வீட்டுப்பாடம் கேட்கும் தந்தையரும் இருக்கிறார்கள். அவருக்கும் பிள்ளைகள் உண்டு, அவரும் சாப்பிட வேண்டும் என்பதை நினைவில் கொள்வது நலம். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளிகள் நம்மிடம் உள்ளன. ஒவ்வொரு வீட்டுக்கும் நாள்தோறும் தனிக் கடிதம் எழுத அவர்களால் ஆகாது.

எனவே இரண்டே காரியங்களைச் செய்தோம். முதலாவது, வராத பிள்ளையைப் பற்றியது. காலை பத்து மணிக்குள் வகுப்பாசிரியை பெயரைத் தலைமையாசிரியையிடம் சொல்வார். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று எண்கள் வாங்கி வைத்திருக்கிறோம்: தாயுடையது, தந்தையுடையது, பக்கத்து வீட்டாருடையது. மூன்றும் கிடைக்காவிட்டால் அந்தத் தெருவின் அன்பியப் பொறுப்பாளரோ மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவியோ நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பெரும்பாலும் காய்ச்சலாக இருக்கும், அல்லது குலதெய்வக் கோவிலுக்குப் போயிருப்பார்கள். தெரிந்துகொண்டால் போதும். "அப்பாவைக் கூட்டி வா" என்று பிள்ளையின் வாயில் சொல்லி அனுப்புவதை அடியோடு விட்டுவிட்டோம். பெற்றோரைக் காண வேண்டுமானால் பெரியவர்களே பெரியவர்களை அழைக்கிறோம்.

வாயிற் பலகை

இரண்டாவது காரியம் மிகச் சிறியது; ஆனால் அதைப் பற்றித்தான் எனக்கு நீள எழுதத் தோன்றுகிறது. பள்ளி வாயிலின் மதிலில், சாலையைப் பார்க்கும் பக்கம், ஒரு கரும்பலகை அமைத்தோம். சிமெண்டு பூசிக் கருப்பு வண்ணம் தீட்டியது; வேறு செலவு இல்லை. ஒவ்வொரு நாளும் மூன்றரை மணிக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வகுப்பு வகுப்பாகச் சென்று, "இன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டு வந்து, வகுப்புக்கு ஒரு வரியாக அதில் எழுதுவார்கள்.

"ஒண்ணாம் வகுப்பு வேப்ப இலையும் புளிய இலையும் பார்த்தது." "மூணாம் வகுப்பு தராசு வைத்துக் கத்தரிக்காய் நிறுத்தது." "நாலாம் வகுப்பில் பல்லி விழுந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை." எழுத்துப் பிழைகள் இருக்கும். திருத்தித்தான் எழுத வேண்டும் என்றார் தலைமையாசிரியை. வேண்டாம், ஆசிரியர் கை பட்டால் அது மறுபடியும் சுற்றறிக்கை ஆகிவிடும் என்று நான் தடுத்தேன். பிழைகள் இன்னமும் எங்களுக்குள் ஒரு வழக்காகவே இருக்கின்றன.

பலன் முதல் வாரத்திலேயே தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் பேரப்பிள்ளையைப் பலகைமுன் நிறுத்தி, "என்ன எழுதியிருக்கு, படி" என்கிறார்கள். பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. தாய்மார் "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வேப்ப இலை ஓரத்துல ரம்பம் மாதிரி பல்லு இருந்துச்சா?" என்று கேட்கிறார்கள். அக்கேள்விக்கு எந்தப் பிள்ளையும் "ஒண்ணுமில்ல" என்று சொன்னதாக நான் கேட்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே போகிறது. ஒரு பெட்டிக்கடைக்காரர், பிள்ளை குட்டி எவரும் பள்ளியில் இல்லாதவர், மாலையில் கடையை விட்டு வந்து பலகையைப் படித்துவிட்டுப் போகிறார்.

பலகையில் சொல்லிவிட முடியாதவையும் உண்டு. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். நல்ல முறை, கொரோனாக் காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது விடுபட்டதைப் பிடிக்க வந்தது. ஆனால் எவரும் பெற்றோருக்கு விளக்கவில்லை. "எம் மவ அரும்புல இருக்காளாம். அப்படின்னா பெயிலா சாமி?" என்று ஒரு தாய் கண்கலங்கிக் கேட்டார். பெயில் அன்று, எழுத்துகளை இன்னும் உறுதியாய்க் கற்க வேண்டிய நிலையில் இருக்கிறாள், கற்றதும் மொட்டுக்குப் போவாள், ஆண்டின் நடுவிலும் போவாள் என்று சொன்னதும் முகம் தெளிந்தது. பின்னர் ஒரு சனிக்கிழமை தாய்மாரைத் தரையில் உட்காரவைத்து, பிள்ளைகள் ஆடும் அதே அட்டை விளையாட்டை அவர்களையே ஆடச் செய்தார் முதல் வகுப்பு ஆசிரியை. ஒரு மணி நேரத்தில் முடியும் என்று எண்ணியது இரண்டரை மணி நேரம் நடந்தது.

செய்தி எதிர்ப்பக்கமிருந்தும் வர வேண்டும். இதைப் பெற்றோருக்கென்றே சொல்கிறேன். கைப்பேசி எண் மாறினால், தந்தை வெளியூர் போனால், வீட்டில் சாவு நேர்ந்தால், பிள்ளை இரவெல்லாம் இருமினால், ஒரு வரி ஆசிரியைக்குச் சொல்லியனுப்புங்கள். சென்ற ஆண்டு இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரு வாரங்களாகப் பக்கத்துப் பிள்ளைகளை அடித்துக்கொண்டே இருந்தாள்; தண்டனையும் பெற்றாள். அவளை வளர்த்த பாட்டி இறந்துபோனது பள்ளிக்குத் தெரியவே தெரியாது.

ஏரிக்கரைச் சிறுவன் மறுநாளே வகுப்புக்குத் திரும்பினான். புதிய கணக்குப் புத்தகத்தை ஆசிரியையே தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். அவனிடம் ஏதோ சொன்னார், என்னவென்று நான் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் அவனும் பலகையில் எழுதினான். கையெழுத்து கொஞ்சம் சாய்வு.

அடுத்த ஆண்டு மழையில் பலகையின் அடிப்பாகம் விரிந்து உரிந்தது. பொங்கலுக்கு ஊர் வந்த அவன் தந்தை ஒரு நாள் காலை கரணையும் சிமெண்டுச் சட்டியுமாக வாயிலில் வந்து நின்றார். உள்ளே வரும்படி அழைத்தேன். தயங்கினார்; பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் ஏறி வந்தார். மகனின் வகுப்பறை எது என்று கேட்டார். காட்டினேன். சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய் வேலையைத் தொடங்கினார். வண்ணம் காய மூன்று நாள் ஆகும், அதற்குள் எழுதவிடாதீர்கள் என்று சொல்லிச் சென்றார். பிள்ளைகள் இரண்டாம் நாளே எழுதிவிட்டார்கள்.